ஆவுடைத்தாய்க்குப் புரிகிற ஹெல்ப்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், பித்தளைப் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் உதயகிரி கம்ப்யூட்டர்ஸ் இருந்தது. கீழே அண்டாவும் குத்துவிளக்கும் இறக்கி வைக்கிற ஓசை நாள் முழுக்க மேலே கேட்டுக்கொண்டிருக்கும். அதையும் மீறிக் கேட்பது ரத்னாபாயின் மேஜைமேல் இருந்த டெலிபோன் மணிதான்.

ரத்னாபாய்க்குச் சொந்த ஊர் குழித்துறை. தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழும், மலையாளம் பேசுகிறவர்களிடம் மலையாளமும், கோபத்தில் இருப்பவர்களிடம் இரண்டையும் கலந்தும் அவள் பேசுவாள். இதைக் கவனித்த மேனேஜர், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டெலிபோனை அவள் பக்கம் நகர்த்திவிட்டார். கம்பெனியிடம் கம்ப்யூட்டர் வாங்கிய அச்சகக்காரர்கள், டுடோரியல் காலேஜ்காரர்கள், மருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் மெஷின் முரண்டு பிடித்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

எண்பத்தேழாம் வருஷத்து மழை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்து மழையில் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், சர்ட்டிஃபிகேட்டில் பிடிக்கும், ஃப்ளாப்பியையும் விடாது. கறுப்பு உறைக்குள் இருக்கும் அந்த மெல்லிய தட்டில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தால் போதும், உள்ளே இருந்த வேலை முழுக்கப் போச்சு.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் வன்னியபெருமாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கம்பெனியின் புரோகிராமர். அவர் எழுதிய புரோகிராமுக்குப் பெயர் ‘பகர்’; மலையாளத்தில் ‘பகர்ப்பு’ என்றால் நகல். ஃப்ளாப்பியில் உள்ளதை ஒன்று விடாமல், இருந்தது இருந்தபடி ஒரே ஃபைலாக்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக வைத்துவிடும். ஃப்ளாப்பி கெட்டால் புதிதாக ஒன்றைச் செருகி, அந்த ஃபைலில் இருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பகர் அனுப்பப்பட்டது.

மறுநாளே டெலிபோன் அலற ஆரம்பித்தது.

பகருக்கு ஒரு ஹெல்ப் உண்டு. பெயரை அடித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால், எப்படி உபயோகிப்பது என்று திரையில் காட்டும். காட்டியது இவ்வளவுதான்:

PAKAR [/R|/W] src dst [/V] [/F]

“மோளே, இந்த எஸ்ஆர்சி எந்தாணு? நம்ம கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு வாங்கினதா எனக்கு ஓர்மை இல்லியே” என்றார் ஒரு மருந்துக் கடைக்காரர். இன்னொருவர் அடைப்புக்குறியையும் சேர்த்து அடித்துவிட்டு, நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கிற கோடு கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ரத்னாபாய் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதும் எழுந்து வன்னியபெருமாளின் மேஜைக்குப் போனாள்.

“சார், அந்த ஹெல்ப்பைக் கொஞ்சம் விளக்கமா எழுதப்பிடாதா?”

அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “எல்லாம் ஒரே வரியிலே இருக்கே. ஆர்னா ரீடு, டபிள்யூன்னா ரைட்டு. இதுக்கு மேல என்ன விளக்கம்?”

“அந்த வரிக்கு நான்லா தினமும் உரை சொல்லிட்டு இருக்கேன்.”

“நீங்க நல்லாத்தான் சொல்றீங்க” என்றார் அவர். கிண்டல் இல்லை, பாராட்டாகவே சொன்னார். அதனால் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு நாள், நனைந்த குடையோடு நயினார் மாடியேறி வந்தார். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘நயினார் கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு மாட்டிக் கடை வைத்திருக்கிறவர். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால், ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் பிரிண்டரில் ஜாதகம் வந்து விழும். வருகிறவர்களிடம் பேசுவது நயினார். கம்ப்யூட்டரில் அடிப்பது அவர் மனைவி ஆவுடைத்தாய். ஹார்ட் டிஸ்கை நம்பாமல், அத்தனை ஜாதகத்தையும் ஃப்ளாப்பியில் ஏற்றி சாயங்காலம் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது நயினாரின் வழக்கம்.

“பிள்ளே, ஆனி மாசத்துக்குப் பொறவு போட்ட ஜாதகம் ஒண்ணுகூட ஃப்ளாப்பியில இல்ல” என்றார் நயினார், நாற்காலியில் உட்காராமலே. “ஊருக்கெல்லாம் நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லிட்டு இருக்கேன். எனக்கு ஆனியோட காலம் நின்னு போச்சு.”

ரத்னாபாய்க்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டு அவரோடேயே கடைக்குப் போனாள்.

ஆவுடைத்தாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இல்லை. சண்டைக்கு ஆள் தேடுகிற முகமாக இருந்தது.

“வா பிள்ளே. இதைக் கேளு. ஃப்ளாப்பியில இருக்கதைக் கம்ப்யூட்டர்ல எழுதி வைக்கணும். அதானே?”

“ஆமாக்கா.”

“எழுதுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

“ரைட்டு.”

“அதுக்கு எழுத்து?”

“டபிள்யூ...” என்று சொல்லும்போதே ரத்னாபாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று விளங்கிவிட்டது. வன்னியபெருமாளுக்கு ரைட்டு என்றால் ஃப்ளாப்பியின் மேல் எழுதுவது. ஆவுடைத்தாய்க்கோ கம்ப்யூட்டரில் எழுதி வைப்பது. அவள் டபிள்யூ அடித்தாள். பகர் சொன்ன சொல் தட்டாமல், ஆனி மாதம் ரத்னாபாய் போனில் சொல்லச் சொல்ல எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் தூக்கி, புது ஜாதகங்கள் இருந்த ஃப்ளாப்பியின் மேல் ஏற்றிவிட்டது. அதற்குப் பிறகு சேர்த்த ஜாதகம் எல்லாம் அழிந்துபோயின.

“நான் செஞ்சதுல என்ன தப்பு, சொல்லு?” என்றாள் ஆவுடைத்தாய்.

ரத்னாபாய் யோசித்துப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. “ஒண்ணும் இல்லக்கா” என்றாள்.

நல்லவேளையாக, வந்தவர்கள் சொன்ன பிறந்த நேரங்களை நயினார் துண்டுக் காகிதங்களில் குறித்துக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அன்று மத்தியானம் முழுக்க ஒருத்தி படிக்க ஒருத்தி அடிக்க, இரண்டு பேருமாக அத்தனையையும் மறுபடி ஏற்றினார்கள். ஜாதகக் கடையில் உட்கார்ந்து கிரகம் அடித்ததை ரத்னாபாய் ஊரில் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மாவுக்கு அது ஒரு மாதத்துப் பிரசங்கத்துக்குக் காணும்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, நனைந்த புடவையோடேயே வன்னியபெருமாளின் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

“ஆனா, புரோகிராம் பக்கத்துல இருந்து பாத்தா...” என்று தொடங்கினார் அவர்.

“புரோகிராம் எங்க சார் பாக்குது? ஆவுடைத்தாய் அக்கால்லா பாக்குறாவ!”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நீங்களே எழுதுங்க. எழுதித் தாங்க, அப்படியே உள்ள போட்டுடறேன்” என்றார்.

ரத்னாபாய் எழுதினாள். டெலிபோனில் யார் யார் என்னென்ன கேட்டார்களோ அத்தனைக்கும் பதில் எழுதினாள். ஃப்ளாப்பி என்றால் என்ன, நகல் என்றால் என்ன, பெயரை எப்படி வைப்பது, எத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஃப்ளாப்பியை எந்தப் பக்கமாகச் செருகுவது. புது ஃப்ளாப்பியை முழுக்க அழித்துத் தயார் செய்ய ‘எஃப்’ என்று ஒன்று உண்டு. அதைக் கடைசியில் போட்டாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. வன்னியபெருமாள், “நீளமா இருக்கே” என்றார். “இருக்கட்டும்” என்றாள்.

புது பகர் போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஆவுடைத்தாயிடமிருந்து போன் வந்தது.

“பிள்ளே, கேள்விக்குறி போட்டேன். என்னமெல்லாமோ மேல ஓடுது, ஓடுது, ஒண்ணும் வாசிக்க முடியல. கடைசியில ஒரு வரிதான் நிக்குது.”

“என்ன வரிக்கா?”

“எல்லாத்தையும் அழிக்கணும்னா எஃப் அடின்னு போட்டிருக்கு. அடிக்கவா?”

“ஐயோ, அடிச்சிராதீங்க!”

அவள் போட்ட கூச்சலில் கீழே பாத்திரக் கடையில்கூட ஒரு நிமிஷம் சத்தம் நின்றது. திரையில் இருபத்தைந்து வரிதான் நிற்கும். அவள் எழுதியதோ அதைப்போல மூன்று மடங்கு. எழுதியதெல்லாம் மேலே ஓடி மறைந்துவிட, மிச்சம் நின்றது அந்த ஒரு ஆபத்தான வரி. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வன்னியபெருமாள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரத்னாபாய்க்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவளாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

“என்னோடது ஒரு வரி, ஒருத்தருக்கும் மனசிலாகல” என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உங்களோடது ஒரு புஸ்தகம், ஒருத்தரும் பாக்கவே இல்ல.”

“அப்ப சார் என்கூடக் கடைக்கு வாங்க. அக்கா எப்படி வாசிக்கிறாவன்னு பாத்துட்டு எழுதுவோம். ஆனா ஒண்ணு. அவிய அடிக்கும்போது நாம வாயைத் திறக்கப்பிடாது.”

“அதென்ன பெரிய காரியம்?” என்றார் வன்னியபெருமாள்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நின்று, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி சுடச்சுட ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை ஒரே திரைக்குள் அடங்கும்படி புதிதாக எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஆவுடைத்தாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இவர்கள் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய ஃப்ளாப்பியை உள்ளே செருகியிருந்தாள் ரத்னாபாய்.

ஆவுடைத்தாய் கேள்விக்குறி போட்டாள். திரை நிறைய எழுத்து வந்தது. மேலே இருந்து அவள் படிப்பாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். அவள் படிக்கவில்லை. விரலைத் திரைமேல் வைத்து ‘ஃப்ளாப்பி’ என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டே கீழே வந்தாள்.

“முதல் வரியிலேயே...” என்று வன்னியபெருமாள் எழப் போனார். ரத்னாபாய் ஒரு பழம்பொரியை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் கடித்தார்.

“சோர்ஸ்னு இருக்கே, அது நானா, கம்ப்யூட்டரா?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய். வன்னியபெருமாளின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது பழம்பொரி.

அவள் அடைப்புக்குறியைச் சேர்த்து அடித்தாள். கம்ப்யூட்டர் ‘எர்ரர் மூணு’ என்றது. “மூணா? அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்க?” என்றாள். மூன்றாவது பழம்பொரியை அவர் தானாகவே எடுத்துக்கொண்டார். அதோடு எழுந்து கடை வாசலில் போய் நின்று, நெய்யாற்றின்கரை பஸ் ஒன்று திரும்புவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க சாருக்கு வயிறு செரியில்லையோ?” என்று நயினார் ரத்னாபாயிடம் மெல்லக் கேட்டார்.

திரும்பி வந்தபோது வன்னியபெருமாளின் முகம் மாறியிருந்தது. “அக்கா, கொஞ்சம் எந்திரிங்க” என்றார். புரோகிராமைத் திறந்து, அங்கேயே திருத்த ஆரம்பித்தார்.

அதன்பிறகு வேலை மும்முரமாக நடந்தது. ரீடும் ரைட்டும் வேண்டாம், ‘எடு’ என்றும் ‘வை’ என்றும் வைத்துவிடலாமா, இரண்டு பாஷைக்காரர்களுக்கும் விளங்குமே என்றாள் ரத்னாபாய். “காப்பி எடுன்னா எங்கேருந்து எடுக்க?” என்றாள் ஆவுடைத்தாய். அது அதோடு போயிற்று. வார்த்தை எதுவும் வேண்டாம், எங்கே இருந்து எங்கே போகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் என்ன என்று வன்னியபெருமாள் கேட்டார். நாலு கோடும் ஒரு கூர்மூக்கும் அடித்துக் காட்டினார். ஆவுடைத்தாய்க்குப் பிடித்துப்போயிற்று. எர்ரருக்கு எண்ணைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்ல வைத்தார்கள். பெயர் வைப்பதற்கு ஒரு குறிப்பு, ஃப்ளாப்பி நிறைந்துபோனால் ஒரு குறிப்பு, சரிபார்க்க ஒரு குறிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. திரை மறுபடியும் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

மேலே மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்தது. “சேவ் பண்ணல” என்றார் வன்னியபெருமாள்.

“கொஞ்சங்கூடவா?”

“கொஞ்சங்கூட இல்ல.”

நயினார் பக்கத்துக் கடையில் டீ சொன்னார். மழை மறுபடி வலுத்தது. கடைக்குள் நாலு பேரும் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அழிந்துபோனதை எல்லாம் எப்படி மறுபடி எழுதுவது என்று மலைத்துப்போயிருந்த ரத்னாபாய்க்குச் சட்டென்று ஒரு எண்ணம் வந்தது.

“அக்கா, இவ்வளவு நேரம் எழுதினதுல உங்களுக்கு என்னெல்லாம் ஞாபகம் இருக்கு?”

ஆவுடைத்தாய் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு அம்பு. ஒண்ணு ஃப்ளாப்பியிலேருந்து கம்ப்யூட்டருக்கு. ஒண்ணு கம்ப்யூட்டர்லேருந்து ஃப்ளாப்பிக்கு. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் நான் என்ன அடிக்கணும்னு இருந்துது. பின்ன, ரெண்டாவதுல, ஃப்ளாப்பியில இருக்கது அழிஞ்சிரும்னு ஒரு வரி.”

“வேற?”

“வேற என்ன இருந்துது?”

ரத்னாபாயும் வன்னியபெருமாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரண்ட் வந்ததும் அவர் அதை மட்டும் அடித்தார்.

FLOPPY ---> COMPUTER
PAKAR /R A: MYCOPY

COMPUTER ---> FLOPPY
PAKAR /W MYCOPY A:

அதன் கீழே அந்த எச்சரிக்கை வரி. மற்ற சங்கதி எல்லாம் வேண்டுகிறவர்கள் தனியாகக் கேட்டுப் பார்த்துக்கொள்ள இரண்டாவது திரைக்குப் போயின. முதல் திரையில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமை ரத்னாபாய்க்கு என்னவோ பிடித்திருந்தது.

வன்னியபெருமாள் அதோடு எழுந்திருக்கவில்லை. “ஒரு அஞ்சு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைத் தானாகவே எழுதிச் சேர்த்தார். இந்தத் தடவை வரிக்கு வரி சேவ் பண்ணினார். முடித்ததும், “அக்கா, அன்னைக்குச் செஞ்ச தப்பையே இப்பவும் செய்யுங்க” என்றார்.

“அன்னைக்கு நான் தப்பு ஒண்ணும் செய்யலன்னு இவ சொன்னாளே.”

“சரி, அன்னைக்குச் செஞ்சதையே செய்யுங்க.”

ஆவுடைத்தாய் தன் ஜாதக ஃப்ளாப்பியைச் செருகி, டபிள்யூ போட்டு அடித்தாள். பகர் ஓடவில்லை, நின்றது. ஃப்ளாப்பியில் இருப்பது புதியது, நீங்கள் ஏற்றப் போகும் நகல் பழையது, புதியது அழிந்துவிடும், ஏற்றலாமா வேண்டாமா என்று நல்ல எளிய இங்கிலீஷில் கேட்டது. அவள் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள்.

“ஏங்க, இங்க வாங்க! இது கேக்குது! என்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யுது!” என்று கணவரைக் கூப்பிட்டாள். நயினார் ஓடி வந்து பார்த்தார். ஜாதகப் பொருத்தம் பார்க்க வந்து பெஞ்சில் காத்திருந்த பெண்வீட்டுக்காரர்களும், ஏதோ நல்ல சேதி என்று நினைத்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆவுடைத்தாய் எல்லோர் முன்னிலையிலும் ‘வேண்டாம்’ என்பதற்குரிய எழுத்தை ஓங்கி அடித்தாள்.

அந்த வாரமே புது பகர் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போயிற்று. டெலிபோன் ஒரேயடியாக ஓய்ந்துவிடவில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கியது, கீபோர்டில் டீ கொட்டியது என்று மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. பகரைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஆற்றிங்கலில் இருந்து யோசுவா கூப்பிட்டார். டுடோரியல் காலேஜ் நடத்துகிறவர். மாணவர்களின் மார்க் எல்லாம் அவரிடம் ஃப்ளாப்பியில்தான்.

“பகர் விஷயமாக்கும்” என்று அவர் ஆரம்பித்ததுமே ரத்னாபாய் பேனாவையும் காகிதத்தையும் இழுத்துக்கொண்டாள்.

“என்ன ஆச்சு சார்?”

“ஒண்ணும் ஆகல்ல. நேத்து வேற ஃப்ளாப்பியைச் செருகிட்டேன். இது புதுசு, அழிஞ்சு போகும்னு சொல்லிச்சு. எடுத்துப் பாத்தா, அது சொன்னது சரிதான். மாத்திப் போட்டு வேலையை முடிச்சேன்.”

“அப்ப என்ன பிரச்சினை?”

“பிரச்சினையா? அதான் ஒண்ணும் இல்லியே. சொல்லணும்னு தோணிச்சு. வச்சிரட்டா?”

அவள் போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே வன்னியபெருமாளிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அச்சகங்களுக்காகப் புதிதாக ஒரு புரோகிராம் எழுத அன்று காலையில்தான் மேனேஜர் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் திரை காலியாக இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

“இதுக்கு முதல்ல ஹெல்ப்பை எழுதிருவோம். அதுல என்ன சொல்றோமோ, அதைப் பாத்துப் பின்னால நான் புரோகிராமை எழுதுறேன்.”

“சார் நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசமாத்தான். முதல் வரி என்ன போடலாம்?”

ரத்னாபாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அச்சகத்தில் இதை உபயோகிக்கப் போவது யார், அவர் பெயர் என்ன, அவர் காலையில் கடை திறந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டாள். வன்னியபெருமாளுக்குத் தெரியவில்லை. “அப்ப குடையை எடுங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று எழுந்தாள். அவள் மேஜையில் டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. மேனேஜரே எழுந்து வந்து எடுத்தார்.